அயர்லாந்துத் தொழுவமும் அதைச் சுற்றிய நம்பிக்கைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு அயர்லாந்தில் குடியிருக்கும் எங்களைப் பார்க்க ஊரிலிருந்து யாராவது வந்தால், கடலையும் கோட்டையையும் காட்டக் கூட்டிப்போவோம். ஆனால் வழி முழுக்கப் பண்ணைகள்தான். அதனால் கேள்விகளும் மாடு, ஆடு, கழுதை பற்றியே வரும். திரும்பத் திரும்ப வந்தவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே சேர்த்திருக்கிறேன். வேறு காலம் என்று சொல்லாத இடங்களில் பேச்சு 19ஆம் நூற்றாண்டையும் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியையும் பற்றியது. வழக்கங்கள் ஊருக்கு ஊர் மாறும். கெர்ரியில் செய்ததை டொனகாலில் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்கள்.

அயர்லாந்துன்னாலே ஏன் மாடு, மாடுன்னே பேசுறாங்க? வேற எதுவும் விளையாதா?

விளையும். ஓட்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு எல்லாம் உண்டு. ஆனால் ஓயாத மழையும் மிதமான குளிரும் சேர்ந்த இந்த மண்ணில் புல் வளர்வதுபோல வேறெதுவும் வளராது. இன்றைக்கும் அயர்லாந்துக் குடியரசில் மக்கள்தொகையைவிட மாடுகளின் எண்ணிக்கை அதிகம்.

பழைய காலத்தில் மாடுதான் பணம். 7, 8ஆம் நூற்றாண்டுகளில் எழுதப்பட்ட ஐரிஷ் சட்ட ஏடுகளில் அபராதத்தையும் கடனையும், ஒரு மனிதனின் மரியாதைக்கான மதிப்பையும்கூடக் கறவை மாட்டுக் கணக்கில் போட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு மாடு வேலி தாண்டி வந்து மேய்ந்தால் என்ன நஷ்டஈடு என்பதற்குத் தனிச் சட்டமே இருந்தது. பின்னாளில் நிலம் ஜமீன்தார்கள் கைக்குப் போனதும் குத்தகை கட்டக் காசு வேண்டியிருந்தது. வெண்ணெயும் பன்றியும்தான் அந்தக் காசைக் கொண்டுவந்தன. கார்க் நகரத்தில் 1770 வாக்கில் தொடங்கிய வெண்ணெய்ச் சந்தை, உலகத்திலேயே மிகப் பெரியது என்று பெயர் வாங்கியது. அங்கிருந்து மேற்கிந்தியத் தீவுகள் வரைக்கும் பீப்பாய் பீப்பாயாக வெண்ணெய் போயிற்று. இந்த வெண்ணெயைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல பதில்கள் இதில்தான் வந்து நிற்கும்.

ஒரு சாதாரண குடியானவர் வீட்டில் என்னென்ன வளர்த்தாங்க?

ஒன்றிரண்டு கறவை, ஒரு பன்றி, ஒரு கழுதை, பத்திருபது கோழி, கொஞ்சம் வாத்து. மலைப்பக்கம் என்றால் செம்மறி ஆடுகளும் இருக்கும். சற்று வசதியானவர்களிடம் குதிரை. மாட்டில் தென்மேற்குப் பக்கம் கெர்ரி இனம் பிரபலம். கன்னங்கரேல் என்று, உருவத்தில் சிறியது, மட்டமான மலைப்புல்லைத் தின்றே நல்ல பால் தரும். டெக்ஸ்டர் என்பது அதைவிடக் குள்ளம். கொம்பே இல்லாமல் முதுகில் வெள்ளைப் பட்டையோடு இருப்பது மொய்ல்ட். இந்தப் பழைய இனங்கள் எல்லாமே இப்போது அபூர்வம். சாலையோரத்தில் நீங்கள் பார்க்கும் கறுப்பு வெள்ளை மாடுகள் பின்னால் வந்த ஃப்ரீசியன் இனம்.

தீவனம் பெரும்பாலும் புல்லும் வைக்கோலும்தான். ஃபர்ஸ் என்ற மஞ்சள் பூப்பூக்கும் முள்செடியை இடித்து நசுக்கிக் குதிரைக்குப் போடுவார்கள். முள்ளை எப்படித் தின்னும் என்று கேட்காதீர்கள், நசுக்கினால் தின்னும்.

மாடும் மனுஷங்களும் ஒரே வீட்டில் இருந்தாங்களாமே, நிஜமா?

நிஜம்தான். மேற்கிலும் வடமேற்கிலும் ஏழைக் குடியானவர் வீடு ஒரே நீளமான அறையாக இருக்கும். மேல்கோடியில் அடுப்பும் குடும்பமும், கீழ்கோடியில் மாடும். தரை லேசாகச் சரிந்திருக்கும், நடுவில் சாக்கடை ஓடும். குளிர்காலத்தில் மாட்டின் உடம்புச் சூடு வீட்டுக்கு உதவியது, வீட்டின் நெருப்பு மாட்டுக்கு உதவியது. அடுப்பு நெருப்பைப் பார்த்துக்கொண்டே நிற்கும் மாடு கூடுதலாகப் பால் தரும் என்றும் சொல்லிக்கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் இது படிப்படியாகக் குறைந்து தனித் தொழுவங்கள் வந்துவிட்டன.

வெளியூர்ப் பயணிகள் இதைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டு நிறைய எழுதினார்கள். ஒரு மாடு செத்தால் குடும்பமே தெருவுக்கு வந்துவிடும் நிலையில், அதைக் கண்ணெதிரே கட்டிவைத்ததில் எனக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை.

இவ்வளவு விவரம் எப்படித் தெரியும்? யார் எழுதி வெச்சாங்க?

பள்ளிக்கூடப் பிள்ளைகள். 1935இல் அமைந்த அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையம், 1937 முதல் 1939 வரை நாடு முழுக்கத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு வேலை கொடுத்தது. வீட்டில், அக்கம்பக்கத்தில் இருக்கும் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வா என்பதுதான் அந்த வேலை. சுமார் 5,000 பள்ளிகளிலிருந்து 50,000 பிள்ளைகள் எழுதினார்கள். பண்ணை விலங்குகளைப் பராமரிப்பதும் கொடுக்கப்பட்ட தலைப்புகளில் ஒன்று. அந்த நோட்டுப் புத்தகங்கள் டூகஸ் என்ற இணையதளத்தில் இப்போது இலவசமாகக் கிடைக்கின்றன. பிள்ளைகளின் கையெழுத்திலேயே படிக்கலாம்.

அந்தப் பக்கங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது விலங்குகளைக் கூப்பிடும் முறைகள். கோழிக்கு 'ட்யுக் ட்யுக்', கன்றுக்கு 'சக் சக்', பன்றிக்கு 'ஹுரிஷ் ஹுரிஷ்', வாத்துக்கும் வான்கோழிக்கும் வேறு வேறு. வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசிய குடும்பங்கள்கூடக் கோழியை ஐரிஷில்தான் கூப்பிட்டன.

கோடைக்கு மாட்டை மலைக்கு ஓட்டிப்போய் அங்கேயே தங்குவாங்களாமே?

ஆமாம். மே மாதத் தொடக்கத்தில் ஓட்டிப்போய் அக்டோபர் கடைசியில் இறக்குவார்கள். வீட்டைச் சுற்றியிருக்கும் நிலத்தில் உருளைக்கிழங்கும் ஓட்ஸும் பயிராகும் நேரத்தில் மாடு கீழே இருந்தால் பயிர் தங்காது. அதனால் மலையில் கல்லாலும் புல்கட்டியாலும் சின்னக் குடிசை போட்டுத் தங்குவார்கள். இதற்கு 'பூலி' என்று பெயர்.

போனது பெரும்பாலும் இளம்பெண்கள். காலையும் மாலையும் பால் கறப்பது, அங்கேயே வெண்ணெய் கடைவது, அதை ஊருக்கு அனுப்புவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. பெரியவர்களின் கண்பார்வைக்கு வெளியே ஒரு கோடை முழுக்க இருந்ததால் பாட்டும் கதையும் காதலும் நிறைய என்று கேள்வி. அக்கில் தீவில் இந்த வழக்கம் வெகுகாலம் நீடித்தது. அங்கே ஸ்லீவ்மோர் மலையடிவாரத்தில் வரிசையாக நிற்கும் கூரையில்லாத கல்வீடுகள், கைவிடப்பட்ட கிராமமாக ஆவதற்கு முன் கடைசியாகப் பூலியாகத்தான் பயன்பட்டன.

தொழுவத்து வாசலில் புல்லில் பின்னின சிலுவை தொங்குதே, அது என்ன?

புனித பிரிஜிட்டின் சிலுவை. பிப்ரவரி 1 அவருடைய நாள். முந்தின நாள் மாலையில் ஈர நிலத்துக் கோரையைக் கையால் பிடுங்கிப் பின்னி, ஒன்றை வீட்டிலும் ஒன்றைத் தொழுவத்திலும் வைப்பார்கள். வீட்டுக்குத் தீயிலிருந்தும் மாட்டுக்கு நோயிலிருந்தும் காவல். பிரிஜிட் பால்பண்ணைக்கும் கறவைக்கும் உரிய புனிதர். அவர் பெயரிலேயே கிறிஸ்தவத்துக்கு முந்திய ஒரு தெய்வமும் உண்டு. பிப்ரவரி 1 என்பது பழைய ஐரிஷ் நாள்காட்டியில் வசந்தத்தின் முதல் நாள், ஆடுகள் குட்டி ஈனும் பருவம். 2023 முதல் அரசு விடுமுறையும் கொடுத்துவிட்டார்கள்.

அதே இரவில் ஒரு துணியையும் வீட்டுக்கு வெளியே போட்டுவைப்பார்கள். பிரிஜிட் அந்த வழியாகப் போகும்போது அதைத் தொட்டு ஆசீர்வதிப்பார் என்று நம்பிக்கை. அந்தத் துணியை வருடம் முழுக்கப் பத்திரமாக வைத்திருந்து, தலைவலி வந்தால் நெற்றியில் கட்டுவார்கள், பசு கன்று ஈனத் திணறினால் அதன் முதுகில் போர்த்துவார்கள்.

கன்று போட்டதும் ஏதாவது சடங்கு உண்டா?

உண்டு. ஆசீர்வதிக்கப்பட்ட மெழுகுவத்தியைப் பசுவின் உடம்பைச் சுற்றிக் காட்டுவது, மடியிலிருக்கும் நீள மயிரை அந்தச் சுடரில் லேசாகப் பொசுக்குவது, வாலில் சிவப்பு நூல் கட்டுவது, தீர்த்தம் தெளிப்பது. சீம்பால் கறக்கும்போது முதல் சில சொட்டுகளைத் தரையில் விடுவார்கள், அது மண்ணுக்கு அடியில் வாழ்வதாக நம்பிய 'ஃபேரி' என்ற மாயக் கூட்டத்துக்கு. கறந்து முடித்ததும் பால் நுரையைத் தொட்டுப் பசுவின் விலாவில் சிலுவை போடுவார்கள்.

புதிதாக ஈன்ற பசுவை யாராவது பார்த்து 'எவ்வளவு அழகு' என்று சொன்னால் உடனே 'கடவுள் ஆசீர்வதிக்கட்டும்' என்று சேர்த்தாக வேண்டும். சேர்க்காவிட்டால் கண் பட்டுவிடும். பசு நோயில் விழுந்தால் அந்த ஆளைத் தேடிப் பிடித்து ஆசீர்வாதம் சொல்ல வைப்பார்கள்.

மே ஒண்ணாம் தேதின்னா ஏன் அவ்வளவு பயம்?

அன்றைக்குத்தான் கோடை தொடங்குகிறது. புல் கொழிக்கும், கறவை ஏறும், ஆறு மாதத்து வெண்ணெய் அன்றிலிருந்து ஆரம்பம். ஆகவே யாராவது உங்கள் அதிர்ஷ்டத்தைத் திருட நினைத்தால் அதற்கும் அதுதான் சரியான நாள். திருடுவது என்றால் பானையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது அல்ல. பாலிலிருக்கும் 'சத்தை' மந்திரத்தால் இழுத்துக்கொள்வது. பிறகு நீங்கள் நாள் முழுக்கக் கடைந்தாலும் நுரைதான் வரும், உங்கள் வெண்ணெய் அடுத்த வீட்டுத் தொட்டியில் திரளும்.

அதனால் அன்றைக்கு வீட்டிலிருந்து நெருப்பு, சாம்பல், உப்பு, பால், வெண்ணெய் எதையும் வெளியே கொடுக்க மாட்டார்கள். ஊரில் முதல் ஆளாக அடுப்புப் புகை எழுப்பவும் பயம். விடியலில் கிணற்றின் மேல்தண்ணீரை யார் முதலில் மொண்டுகொள்கிறாரோ அவருக்கு அந்த வருடத்து அதிர்ஷ்டம் என்பதால், சில குடும்பங்களில் ராத்திரி முழுக்கக் கிணற்றுக்குக் காவல். இன்னொரு திருட்டு முறை, அடுத்தவர் வயலில் பனித்துளி மீது துணியை இழுத்துக்கொண்டே 'எல்லாம் எனக்கே வா' என்று சொல்லிப் போவது. இதற்கெல்லாம் எதிராகத் தொழுவ வாசலில் மஞ்சள் பூக்களைத் தூவுவார்கள், ரோவன் மரக் குச்சியை மாட்டின் வாலில் கட்டுவார்கள்.

சூனியக்காரி முயலா மாறிப் பால் குடிப்பாள்னு ஒரு கதை கேட்டேனே?

அது மிகப் பழைய கதை. 1180களில் அயர்லாந்தைப் பற்றி எழுதிய வேல்ஸ் நாட்டுப் பாதிரியார் ஜெரால்ட் அப்போதே இதைக் குறிப்பிடுகிறார். கிழவிகள் முயலாக மாறிப் பசுவின் மடியில் பால் குடிப்பது அயர்லாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றிலும் பழைய புகார், இப்போதும் கேட்கும் புகார் என்கிறார்.

கிராமத்தில் சொல்லும் கதை இப்படிப் போகும். மே தின விடியலில் ஒரு முயல் பசுவிடம் பால் குடிக்கிறது. வேட்டை நாய் துரத்திப் பின்னங்காலைக் கடிக்கிறது. முயல் ஒரு குடிசையின் ஓட்டைக்குள் நுழைகிறது. கதவைத் திறந்தால் உள்ளே ஒரு கிழவி, காலில் ரத்தம். அநேகமாக எல்லா மாவட்டத்திலும் இந்தக் கதை உண்டு, நாயின் நிறமும் கிழவியின் வீடும் மட்டும் மாறும்.

வெண்ணெய் கடையும்போது என்ன காவல் செஞ்சாங்க?

கடையும் மரத்தொட்டிக்கு அடியில் கழுதை லாடம் ஒன்றை அடித்துவைப்பது, அல்லது எரியும் தணல் ஒன்றை வைப்பது. பாலில் ஒரு சிட்டிகை உப்பு. தொட்டியைச் சுற்றி ரோவன் குச்சி. கடையும் நேரத்தில் யாராவது உள்ளே வந்தால் 'கடவுள் இந்த வேலையை ஆசீர்வதிக்கட்டும்' என்று சொல்லி, கடைகோலைப் பிடித்து ஒரு சுற்றுக் கடைந்துவிட்டுத்தான் போக வேண்டும். சும்மா போனவர் வெண்ணெயையும் எடுத்துக்கொண்டு போனதாக அர்த்தம். நெருப்பு கேட்டு வந்தவரைக் கடைந்து முடிக்கும்வரை வெளியே விடவும் மாட்டார்கள்.

எல்லாம் செய்தும் வெண்ணெய் திரளவில்லை என்றால் கலப்பையின் இரும்புக் கொழுவை அடுப்பில் பழுக்கக் காய்ச்சுவார்கள். மந்திரம் போட்டவளுக்கு உடம்பெல்லாம் எரியும், தானே கதவைத் தட்டிக்கொண்டு வருவாள் என்று எதிர்பார்ப்பு.

இதெல்லாம் சுத்த மூடநம்பிக்கைதானே?

வெண்ணெய் சில நாட்களில் திரளாமல் போவது உண்மை, அதற்குக் காரணங்களும் உண்டு. பாலேடு ஏறத்தாழ 15 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் இருந்தால் நன்றாகக் கடைபடும். குளிர் அதிகமானால் கொழுப்பு ஒட்டாது, நுரைதான் வரும். கறவை வற்றப்போகும் பசுவின் பாலும் எளிதில் கடைபடாது. தொட்டி சரியாகக் கழுவாமல் இருந்தாலும் பாலேடு கெடும். வெப்பமானி இல்லாத சமையலறையில் இதில் எது காரணம் என்று யார் கண்டுபிடிப்பது? அடியில் வைத்த தணல் தொட்டியைக் கொஞ்சம் சூடாக்கியிருக்கும், விருந்தாளியின் ஒரு சுற்று களைத்துப்போன கைக்கு ஓய்வு கொடுத்திருக்கும்.

என் கருத்தைக் கேட்டால், எந்தப் பொருள் போனால் குடும்பம் கவிழுமோ அதைச் சுற்றித்தான் காவல் சடங்குகள் குவிந்திருக்கின்றன. ஓட்ஸைச் சுற்றியோ வாத்தைச் சுற்றியோ இத்தனை இல்லை. குத்தகைக் காசு வெண்ணெயில் இருந்தது, ஆகவே பயமும் அங்கே இருந்தது. 1889இல் லிமெரிக் மாவட்டத்தின் ட்ரம்காலஹர் கிராமத்தில் கூட்டுறவு இயக்கத்தை முன்னெடுத்த ஹொரஸ் பிளங்கெட்டின் முயற்சியில் முதல் கூட்டுறவுப் பால்பண்ணை வந்தது. அப்புறம் ஊர் ஊராகப் பாலை அளந்து வாங்கி இயந்திரத்தில் பிரிக்கத் தொடங்கினார்கள். வீட்டில் கடைவது குறையக் குறைய வெண்ணெய்த் திருட்டுப் பேச்சும் குறைந்தது.

ஆனால் இதையெல்லாம் இனிமையான கிராமியக் கதை என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சந்தேகம் பெரும்பாலும் விழுந்தது தனியாக இருந்த கிழவிகள் மேலும் விதவைகள் மேலும். இந்த நம்பிக்கைகள் முற்றினால் எங்கே போகும் என்பதற்கு 1895இல் டிப்பரேரியில் நடந்தது சாட்சி. பிரிஜிட் கிளியரி என்ற 26 வயதுப் பெண்ணை, அவள் தன் மனைவி அல்ல, அவள் இடத்தில் மாற்றிவைக்கப்பட்ட ஒரு மாயப் பிறவி என்று சொல்லிக் கணவனே எரித்தான். அவன் சிறைக்குப் போனான்.

கிறிஸ்தவ நாட்டில் இந்த மாய ஆட்கள் எல்லாம் எங்கிருந்து வந்தாங்க?

மக்களுக்கு அதில் முரண்பாடே தெரியவில்லை. ஒரே தொழுவத்தில் பிரிஜிட் சிலுவையும் தீர்த்தமும் ரோவன் குச்சியும் சேர்ந்தே இருந்தன. 'ஃபேரி' என்றதும் சிறகு முளைத்த சின்னப் பெண்ணை நினைக்காதீர்கள். இங்கே அவர்கள் மனித உருவத்தில், மண்ணுக்கு அடியில் தங்களுக்கென்று மாடும் குதிரையும் வைத்து வாழும் ஒரு கூட்டம். பெயர் சொன்னால் கோபம் வரும் என்று 'நல்லவர்கள்' என்றே குறிப்பிட்டார்கள். பாதிரிமார் கண்டித்தார்கள்தான். அதே பாதிரியாரைத் தொழுவத்தை ஆசீர்வதிக்கவும் கூப்பிட்டார்கள்.

வயலுக்கு நடுவில் வட்டமா ஒரு மேடு, சுத்தி முள்மரம். டிராக்டர் அதை மட்டும் விட்டுட்டுப் போகுதே, ஏன்?

அதுதான் ராத். முந்தின பதிலில் சொன்ன கூட்டத்தின் வீடு என்று நம்பிக்கை. அதை இடித்தால், அங்கே நிற்கும் ஹாதார்ன் என்ற முள்மரத்தை வெட்டினால், மாடு சாகும், வீட்டில் யாருக்காவது கை கால் விழும் என்பார்கள். தொல்லியல்காரர்கள் சொல்வது, அவை பெரும்பாலும் கி.பி. 500க்கும் 1000க்கும் இடையே மக்கள் குடியிருந்த பண்ணை வீடுகள். சுற்றிலும் மண்கரை எழுப்பி, திருடர்களிடமிருந்தும் ஓநாயிடமிருந்தும் மாட்டைக் காப்பாற்றிக்கொண்ட இடம். நாடு முழுக்கப் பல்லாயிரக்கணக்கில் இருக்கின்றன. இவ்வளவு மிஞ்சியதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம். இப்போது சட்டப் பாதுகாப்பும் உண்டு.

முள்மரத்துக்கு இன்றும் மரியாதை போகவில்லை. 1999இல் கிளேர் மாவட்டத்தின் லாட்டூனில் புதுச் சாலை போடும்போது ஒரு ஹாதார்ன் குறுக்கே நின்றது. அது தெற்கு மாகாணமான மன்ஸ்டரின் ஃபேரிகள் போருக்குமுன் கூடுமிடம், கை வைத்தால் சாலையில் விபத்து வரும் என்று கதைசொல்லி எடி லெனிஹன் எதிர்த்தார். கடைசியில் மரத்தை விட்டுவிட்டுச் சாலை போட்டார்கள்.

மாட்டை நெருப்புக்கு நடுவில் ஓட்டுவாங்களா?

மே தினத்தில் இரண்டு நெருப்புகளுக்கு நடுவே மாட்டை ஓட்டிய வழக்கத்தை, கி.பி. 900 வாக்கில் தொகுக்கப்பட்ட ஓர் ஐரிஷ் சொல்லகராதி குறிப்பிடுகிறது. வருடத்து நோயெல்லாம் விலகும் என்று. பிற்காலத்தில் இது ஜூன் 23ஆம் தேதி இரவு, புனித யோவான் திருநாளுக்கு முந்தின மாலை நெருப்போடு ஒட்டிக்கொண்டது. அணைந்துவரும் தணலைத் தாண்டி மாட்டை ஓட்டுவார்கள், தணல் துண்டுகளை வயலில் எறிவார்கள். மேற்கில் அன்றைக்கு நெருப்பு மூட்டுவது இன்றும் நடக்கிறது. மாடுகள் மட்டும் வருவதில்லை.

மாட்டுக்கு உடம்பு சரியில்லைன்னா என்ன வைத்தியம்?

திடீரென்று மாடு சாப்பிடாமல் நடுங்கினால் ஃபேரிகள் அம்பு எய்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். வயலில் உழும்போது கிடைக்கும் கற்கால அம்புமுனைகள்தான் ஆதாரம்! அதைத் தண்ணீரில் போட்டு, வெள்ளிக்காசும் சேர்த்து, அந்தத் தண்ணீரை மாட்டுக்குக் கொடுப்பார்கள். வயிற்றுவலி என்றால் கயிற்றில் ஒரு தனிவிதமான முடிச்சுப் போட்டு மாட்டின் முதுகுக்கு மேலே இழுப்பார்கள். முடிச்சு அவிழ்ந்துவிட்டால் மாடு பிழைக்கும், சிக்கினால் கஷ்டம். பலவீனமாகக் கிடக்கும் மாட்டுக்கு 'வால்புழு' என்று சொல்லி, வாலைக் கீறிப் பூண்டை வைத்துக் கட்டுவதும் உண்டு. பாவம் அந்த மாடு.

கொள்ளைநோய் வந்தால் ஊரில் எல்லா அடுப்பையும் அணைத்து, கட்டையோடு கட்டை தேய்த்துப் புது நெருப்பு உண்டாக்கி அந்தப் புகையில் மாடுகளை நிறுத்துவார்கள். மாட்டுக் கூட்டத்தோடு ஒரு வெள்ளாட்டை மேயவிட்டால் கன்று கலையாது என்றும் நம்பினார்கள். மாட்டுக்கு ஆகாத செடியை ஆடு முதலில் தின்றுவிடும் என்று விளக்கம். கிளேர் மாவட்டத்தில் ஃபீக்கிள் பக்கம் வாழ்ந்து 1874இல் இறந்த பிட்டி எர்லி என்ற நாட்டு வைத்தியப் பெண்மணியிடம், நீல நிறப் புட்டியில் பார்த்துக் காரணம் சொல்வார் என்று நம்பி, தூரத்திலிருந்தெல்லாம் வந்திருக்கிறார்கள்.

இன்றைக்கு வைத்தியம் கால்நடை மருத்துவர்தான். ஒரே விதிவிலக்கு படர்தாமரை. அதற்குக் 'கை ராசி' உள்ளவரிடம், குறிப்பாக ஏழாவது மகனிடம் போவது இன்னும் கேள்விப்படும் விஷயம். கன்றுகளுக்கு வரும் படர்தாமரை பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே ஆறிவிடும் என்பதால் ராசிக்குப் பழுது வருவதில்லை.

பன்றியை 'குத்தகை கட்டும் கனவான்'னு சொல்வாங்களாமே?

ஆமாம், ஏனென்றால் அதை விற்ற காசுதான் நேராக ஜமீனுக்குப் போகும். குட்டியாக வாங்கி, சிறு உருளைக்கிழங்கும் மோரும் கொடுத்துக் கொழுக்கவைத்து விற்பார்கள். 1845இல் கிழங்கில் நோய் விழுந்தபோது மனிதர்களோடு பன்றிக்கும் தீவனம் போயிற்று. 1841இல் இருந்த பன்றிகளில் பாதிகூட 1847இல் இல்லை.

வீட்டுக்கென்று அறுப்பதானால் ஆங்கிலப் பெயரில் 'ஆர்' எழுத்து வரும் மாதங்களில்தான், அதாவது செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை. வளர்பிறையில் அறுத்தால் இறைச்சி சட்டியில் சுருங்காது. உப்பிட்டுப் பீப்பாயில் அடைக்கும் முன் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பங்கு போகும். அவர்கள் அறுக்கும்போது உங்களுக்கு வரும். ஃப்ரிட்ஜ் இல்லாத ஊரில் மாதாமாதம் புது இறைச்சி கிடைக்க இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. பிள்ளைகளுக்குப் பன்றியின் மூத்திரப்பை, ஊதிப் பந்தாக ஆட.

கோழி, வாத்துக்கும் நம்பிக்கைகள் உண்டா?

கோழி வீட்டுப் பெண்களின் சொத்து. முட்டை விற்ற காசில்தான் டீயும் சர்க்கரையும். அடைக்கு வைக்கும் முட்டை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் கரியால் சிலுவைக் குறி. சேவல்போலக் கூவும் பெட்டைக்கு அன்றே முடிவு. மார்ச் மாதத்தில் பொரித்த சேவலுக்கு மட்டும் தனி மதிப்பு, அது பேயை விரட்டுமாம்.

நவம்பர் 11 புனித மார்ட்டின் நாள். முந்தின மாலையே ஒரு சேவலையோ வாத்தையோ அறுத்து, அந்த ரத்தத்தை வாசற்படியிலும் வீட்டின் நான்கு மூலையிலும் தொழுவத்திலும் தெளிப்பார்கள். மார்ட்டின் ஆலைச் சக்கரத்தில் அரைபட்டு இறந்தார் என்று இங்கே ஒரு கதை உண்டு. அதனால் அன்றைக்கு ராட்டை, வண்டி, ஆலை எந்தச் சக்கரமும் சுற்றக்கூடாது.

ஒரு கெட்ட பக்கமும் உண்டு. உங்கள் வைக்கோல் போரில் நீங்கள் வைக்காத முட்டை கிடைத்தால் யாரோ கெடுதல் வைத்திருக்கிறார்கள் என்று பொருள், முட்டை அழுக அழுக உங்கள் பண்ணையும் அழியும். வெறும் கையால் தொடாமல், மண்வெட்டியால் எடுத்து, தீர்த்தம் தெளித்து எரிக்க வேண்டும். வெண்ணெய்ப் பயம் போன பிறகும் வெகுநாள் நின்றது இந்தப் பயம்தான்.

கழுதை, குதிரை?

கழுதை அயர்லாந்தின் அடையாளம் மாதிரித் தெரிந்தாலும் பரவலானது 1800ஐ ஒட்டித்தான். நெப்போலியன் போர்களுக்காகக் குதிரைகளை ராணுவம் வாங்கிக்கொண்டது அதற்கு ஒரு காரணம். முதுகில் சிலுவைக் கோடு இருப்பதால், இயேசுவைச் சுமந்த விலங்கு என்று மரியாதை. கக்குவான் இருமல் வந்த பிள்ளையைக் கழுதையின் வயிற்றுக்கு அடியில் மூன்று முறை நுழைத்து எடுப்பார்கள்.

குதிரையைப் பற்றி ஒரு கசப்பான விஷயம். கலப்பையை நேராகக் குதிரையின் வாலில் கட்டி உழும் பழக்கம் சில பகுதிகளில் இருந்தது. கல்லில் கொழு மாட்டினால் குதிரை உடனே நின்றுவிடும், கலப்பை உடையாது என்பது அதற்கான வாதம். 1630களில் டப்ளின் பாராளுமன்றம் தடைச் சட்டம் போட்டது. உயிரோடு இருக்கும் செம்மறியின் ரோமத்தைப் பிடுங்குவதையும் அதே சட்டத்தில் தடுத்தார்கள்.

சந்தையில் உள்ளங்கையில் துப்பிக் கை தட்டிக்கிட்டாங்களே, என்ன அது?

பேரம் முடிந்ததற்கு முத்திரை. விற்பவரும் வாங்குபவரும் முறைத்துக்கொண்டு நிற்க, நடுவில் ஒரு தரகர் இரண்டு பேரின் கையையும் இழுத்துச் சேர்த்து 'வித்தியாசத்தைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்' என்பார். வாங்குபவர் மூன்று முறை கோபித்துக்கொண்டு நடந்துவிடுவது நாடகத்தின் ஒரு பகுதி. முடிந்ததும் விற்றவர் கொஞ்சம் பணத்தைத் திருப்பிக் கொடுப்பார். அதிர்ஷ்டக் காசு. கொடுக்காதவரிடம் அடுத்த முறை யாரும் வாங்க மாட்டார்கள். 1950களில் தராசும் ஏலமும் வந்து தெருச் சந்தைகள் போய்விட்டன. பாலினாஸ்லோ போன்ற குதிரைச் சந்தைகளில் இன்றும் பார்க்கலாம்.

ஆட்டுக்கு ராஜா பட்டம் கட்டுவாங்களாமே?

கெர்ரியில் கில்லார்க்லின் ஊரில், ஆகஸ்ட் 10 முதல் 12 வரை. மலையிலிருந்து பிடித்த காட்டுக் கிடாவுக்கு ஒரு பள்ளிச் சிறுமி கிரீடம் வைப்பாள், உயரமான மேடையில் ஏற்றுவார்கள். இங்கிலாந்துத் தளபதி குரோம்வெல்லின் படை வருவதை ஓர் ஆடு ஓடிவந்து எச்சரித்தது என்று கதை. ஆனால் அந்த ஊரில் சந்தை நடத்த 1613லேயே அரச உரிமை கொடுத்த பதிவு இருக்கிறது, குரோம்வெல் வந்தது 1649இல். ஆட்டை நாள்கணக்கில் உயரத்தில் வைப்பதற்கு எதிர்ப்பு வலுத்திருக்கிறது. 2022இல் வெயில் கடுமையானபோது கீழே இறக்கினார்கள். இறக்கியது சரிதான் என்பேன்.

கிறிஸ்துமஸ் ராத்திரி மாடு பேசுமாமே?

நடு இரவில் மண்டியிட்டுப் பேசும் என்பார்கள். ஒட்டுக்கேட்கக் கூடாது, கேட்டவர் தன் சாவுச் செய்தியைக் கேட்பார். அன்றைக்கு எல்லா விலங்குக்கும் கூடுதல் தீவனம் உண்டு.

இப்போ ஒரு பண்ணைக்குப் போனா நான் எதைக் கவனிக்கணும்?

கேட்டைத் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள். நாயோடு ஆட்டு வயலுக்குள் நுழையாதீர்கள். கன்றோடு நிற்கும் பசுவுக்கும் கன்றுக்கும் நடுவில் போகாதீர்கள், மிதித்துவிடும். வயதான விவசாயியிடம் கன்றைப் புகழ்ந்தால் 'காட் பிளெஸ்' சேர்த்துக்கொள்வது நல்லது. அவர் நம்பாவிட்டாலும் கேட்க அவருக்குப் பிடிக்கும். ராத் மேட்டில் ஏறிப் பார்க்க ஆசைப்பட்டால் அவரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

பழைய பொருட்களைப் பார்க்க மேயோ மாவட்டத்தில் காஸில்பார் பக்கம் டர்லோவில் தேசிய அருங்காட்சியகத்தின் கிராம வாழ்க்கைப் பிரிவு இருக்கிறது, நுழைவுக் கட்டணம் இல்லை. கடைதொட்டி, கோரைச் சிலுவை, கழுதைக் கூடை எல்லாம் அங்கே உண்டு. கெர்ரி மாட்டை உயிரோடு பார்க்கக் கில்லார்னியில் மக்ராஸ் பழங்காலப் பண்ணைக்குப் போங்கள். அங்கே குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், கிளம்பும் முன் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.